பேட்டரி மேல் பழி போடும் முன்

பழைய அம்பாசடர் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் முதல் பழி பேட்டரி மேல் விழும். அது புதிதாக இருந்துவிட்டால் செல்ஃப் மோட்டார் மேல். அதுவும் சரி என்றால் காயில், பாயிண்ட், கண்டென்சர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார்கள். எங்கேயோ ஒரு கட்டத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும்; கடைசியாக மாற்றிய பாகம்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய கார்களில் கரண்ட் சம்பந்தப்பட்ட ஸ்டார்டிங் கோளாறு பெரும்பாலும் பாகங்களுக்குள் இருப்பதில்லை. ஒரு பாகத்தையும் இன்னொன்றையும் சேர்க்கிற இடங்களில், அதாவது லக், நட்டு, கிளாம்ப், எர்த் பட்டை ஆகியவற்றில் இருக்கிறது. அதைப் பிடிக்க நம்பகமான வழி, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழியில் எந்த இடத்தில் வோல்ட் தொலைகிறது என்று அளப்பது. ஸ்பானரைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

இந்த வண்டிகளின் மின்சுற்று எளிமையானது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். 1489 சிசி பிஎம்சி இன்ஜின் உள்ள பழைய வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்டார்ட் ஆவதற்கு இரண்டே இரண்டு சுற்றுகள் வேலை செய்தால் போதும். பெரிய சுற்றில், பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாக சோலினாய்டுக்கும், அங்கிருந்து செல்ஃப் மோட்டாருக்கும் கரண்ட் போகிறது. பிறகு மோட்டாரின் உடம்பு, அதைப் பிடிக்கும் போல்ட்டுகள், இன்ஜின், எர்த் பட்டை, பாடி என்று சுற்றி பேட்டரியின் மறுமுனைக்குத் திரும்புகிறது. சின்னச் சுற்று சாவி வழியாக காயிலுக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்கும் போய் எர்த் ஆகிறது. பெரிய சுற்றில் மட்டும் உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடங்களை எண்ணிப் பாருங்கள், பத்துக்கு மேல் வரும். மழை, இன்ஜின் சூடு, ஆசிட் ஆவி, கடலோர ஊராக இருந்தால் உப்புக்காற்று எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றிலும் செம்பில் களிம்பையும் ஈயத்தில் வெள்ளைப் பூவையும் ஏற்றிவிடுகின்றன. நாற்பது வருடத்தில் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் பிரஷ் மாற்றியிருப்பார்கள். பாடியில் எர்த் கேபிள் ஏறும் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றிச் சுரண்டியவர்கள் மிகக் குறைவு.

இந்த அளவு இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். குளிரிலும், இன்ஜின் இறுக்கமாக இருந்தாலும் இதைவிடக் கூடும். வழியில் ஒரே ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை ஏறிவிட்டால் 150ஐ 0.01ஆல் பெருக்குங்கள்: 1.5 வோல்ட் அங்கேயே போய்விட்டது. அப்படி மூன்று இணைப்புகள் இருந்தால் 4.5 வோல்ட். மோட்டாருக்கு மிஞ்சுவது ஆறோ ஏழோதான். ஒப்பிட்டுப் பார்க்க, 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒரு மீட்டர் நீளத்துக்கு 150 ஆம்பியரில் இழப்பது கிட்டத்தட்ட 0.1 வோல்ட். ஆக, நல்ல கேபிள் பதினைந்து மீட்டரில் தின்பதை ஒரு கெட்ட லக் அரை அங்குலத்தில் தின்றுவிடுகிறது. தொலைந்த வோல்ட் வெப்பமாக மாறுகிறது. 1.5 வோல்ட்டை 150 ஆம்பியரால் பெருக்கினால் 225 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி ஒன்பது அயர்ன் ஒரு நட்டின் அடியில் எரிகிறது. அதனால்தான் சில விநாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சுடுகிற இடத்தில் கோளாறு இருக்கிறது. ஆனால் கவனமாகத் தொட வேண்டும், விரல் வெந்துபோகும்.

இந்த 0.01 ஓமை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்து அளக்க முடியாதா என்று கேட்டால், முடியாது. சாதாரண மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2 அல்லது 0.3 ஓம் காட்டும். அது அந்த ஒயர்களின் சொந்தத் தடை. நாம் தேடுவது அதில் முப்பதில் ஒரு பங்கு. பீப் ஒலி எழுப்பும் நிலை இன்னும் மோசம். சில பத்து ஓம் தடை இருந்தால்கூட அது சந்தோஷமாகக் கத்தும். நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் கேபிளையும் அது 'நல்ல கேபிள்' என்று சொல்லிவிடும். கரண்ட் ஓடாதபோது வோல்ட் பார்ப்பதும் இதே போன்ற ஏமாற்றுத்தான். செல்ஃப் மோட்டாரின் டெர்மினல் வரை 12.6 வோல்ட் வருகிறது, அதனால் வழி சரி, மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டுபவர்களைப் பார்க்கலாம். கரண்ட் ஓடாத ஒயரில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்ட் இழப்பு பூஜ்யம். ஓடாத கரண்டை வைத்து வழியைச் சோதிக்க முடியாது. மீட்டரை வாங்கி வைத்துக்கொண்டும் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அதற்கு மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்ட கேள்வி தப்பு.

சரியான கேள்வியை இப்படிக் கேட்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, வண்டி ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க காயிலுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் எர்த் பக்கத்து ஈயக் குமிழின் நடுவில் அழுத்துங்கள். கிளாம்ப்பில் அல்ல, குமிழிலேயே. மற்ற முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும், ஐந்து விநாடி போதும். 0.2 அல்லது 0.3 வோல்ட் காட்டினால் எர்த் வழி சுத்தம். 0.5ஐத் தாண்டினால் கோளாறு அந்தப் பாதியில்தான். உடனே முனையை நகர்த்தி, குமிழிலிருந்து கிளாம்ப்புக்கு, கிளாம்ப்பிலிருந்து பாடியில் ஏறும் லக்குக்கு, லக்கிலிருந்து பாடித் தகட்டுக்கு, பாடியிலிருந்து இன்ஜினுக்கு என்று துண்டு துண்டாக அளந்தால், எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அங்கே நின்றுவிடலாம். துண்டுகளின் கூட்டுத்தொகை முதலில் பார்த்த மொத்தத்தோடு ஒத்துவர வேண்டும். வரவில்லை என்றால் அளந்ததில் எங்கோ பிசகு. நம் கணக்கை நாமே சரிபார்க்கும் இந்த வசதி வேறு எந்த முறையிலும் கிடையாது. மறுபாதியும் இப்படியே: பேட்டரியின் மற்றக் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் டெர்மினலுக்கு. ஒரு விஷயம் மட்டும் பயமுறுத்தலாம். சாவி திருப்பும் முன் மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும், ஏனென்றால் சோலினாய்டு திறந்திருக்கிறது. செல்ஃப் அடித்ததும் அது 0.5க்குக் கீழே விழ வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்தும் விழவில்லை என்றால் சோலினாய்டின் உள்ளே செம்புத் தட்டு கருகியிருக்கிறது. அப்போது சோலினாய்டு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி பேட்டரிக்கு வருவோம். 'டகடகடக' என்று சோலினாய்டு அடித்துக்கொண்டால் கேட்டவுடன் "பேட்டரி போச்சு சார்" என்பார்கள். அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இந்தத் தீர்ப்பு அவசரமானது என்று தெரியும். சோலினாய்டு இழுத்ததும் மோட்டார் பெரிய கரண்டைக் கேட்கிறது, சோலினாய்டுக்கு வரும் வோல்ட் படுத்துவிடுகிறது, சோலினாய்டு விட்டுவிடுகிறது, சுமை நீங்கியதும் வோல்ட் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. வோல்ட் படுத்தது பேட்டரிக்குள் சக்தி இல்லாததாலா, பேட்டரிக்கு வெளியே கிளாம்ப்பில் தடை இருப்பதாலா என்பதைச் சத்தம் சொல்லாது. இரண்டிலும் ஒரே சத்தம்தான். மீட்டரை இரண்டு ஈயக் குமிழ்களின் மேலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். டகடகவென்று அடிக்கும்போதும் குமிழ்களில் 12க்கு மேலேயே நிற்கிறது என்றால் பேட்டரி நிரபராதி, கரண்ட் வெளியே வர முடியாமல் நிற்கிறது. குமிழ்களிலேயே ஆறு, ஏழு என்று சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதிதான். பாதி நிறைந்த பேட்டரி கெட்டுப்போன பேட்டரி ஆகாது. அதை நிரப்ப வேண்டிய டைனமோவையோ கட்-அவுட்டையோ கேட்க வேண்டிய கேள்வி அது. ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: ஆறு செல்களுக்குள் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைவாகக் காட்டும் செல் தேறாது.

எர்த் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டியிலேயே அதிகம் மறக்கப்படும் பாகம் அதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் சேர்க்க பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை வைத்திருப்பார்கள். கிளட்ச் வேலைக்காக இன்ஜினை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்ட மறந்துபோவது சகஜம். அதன் பிறகு நடப்பதைப் பார்த்தால் மின்சாரம் எவ்வளவு பிடிவாதக்காரன் என்று புரியும். 150 ஆம்பியரும் வேறு உலோக வழி தேடி சோக் கேபிளிலும் ஆக்சிலரேட்டர் கேபிளிலும் பாயும். செல்ஃப் சோம்பலாகச் சுற்றும், டேஷ்போர்டு பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை வரும், சோக் குமிழைத் தொட்டால் சுடும், சில வண்டிகளில் கேபிள் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போதும் புது பேட்டரி வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. புது பேட்டரி கொஞ்சம் கூடுதல் பலத்தோடு சோக் கேபிளை இன்னும் வேகமாகச் சுடவைக்கும், அவ்வளவே. புதுப்பித்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டிகளிலும் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. எர்த் லக் உட்காரும் இடத்திலும், செல்ஃப் மோட்டார் இன்ஜினோடு சேரும் முகத்திலும் அழகாகப் பெயிண்ட் ஏறியிருக்கும். பெயிண்ட் ஒரு நல்ல இன்சுலேட்டர்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மாற்றிப் பார்த்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிறதே, அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகத்தை மாற்றும்போது நாம் ஒரு வேலை செய்வதில்லை, இரண்டு வேலை செய்கிறோம். பழைய பேட்டரியைக் கழற்ற கிளாம்ப்பைத் தட்டி எடுக்கிறோம், வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறோம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம், இறுக்கி முடுக்குகிறோம். அதாவது பேட்டரி மாறும் அதே நேரத்தில் இரண்டு இணைப்புகளும் சுத்தமாகிவிடுகின்றன. செல்ஃப் மோட்டாரை மாற்றினாலும் கேபிளின் லக், மோட்டாரின் போல்ட், அதன் எர்த் முகம் எல்லாம் கழன்று மறுபடி உட்காருகின்றன. வண்டி ஸ்டார்ட் ஆனதற்குக் காரணம் புதுப் பாகமா, தேய்த்த இணைப்பா என்று சொல்ல வழியே இல்லை. பில்லில் எழுதப்படுவது பாகத்தின் விலை மட்டும். ஆறு மாதம் கழித்து களிம்பு மறுபடி ஏறி அதே கோளாறு வரும்போது, புதுப் பாகமே சரியில்லை, இந்தக் காலத்துச் சரக்கே இப்படித்தான் என்று பழி இடம் மாறும். உண்மையாகவே மாற்றிச் சோதிக்க விரும்பினால், பழைய பாகத்தையே கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டி முதலில் பாருங்கள். அப்போதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்தான் பாகத்தின் மேல் சந்தேகப்பட உரிமை வருகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்குக் கடையில் கிடைப்பதெல்லாம் நல்ல பாகம் என்று சொல்ல முடியாது. பல வருடம் ஒழுங்காக உழைத்த கண்டென்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாளே சூட்டில் படுத்துவிடும் புதியதை மாட்டுவது, ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டை உண்டாக்குவதுதான்.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் மீட்டரா வைத்திருந்தார்கள், ஒரு டெஸ்ட் லேம்ப்பும் காதும் போதும் என்பது அடுத்த வாதம். அவர்கள் கைவண்ணத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இதற்குப் பாதி சம்மதமும் தருகிறேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்வார்கள். விளக்கு அணைந்தே போனால் ஏதோ இணைப்பு விட்டிருக்கிறது அல்லது பேட்டரி காலி. மங்கிக்கொண்டே மோட்டார் முனகினால் அது ஏராளமாக இழுக்கிறது. விளக்கு கொஞ்சமும் அசையாமல் எரிந்தால் மோட்டாருக்கு கரண்டே போகவில்லை. இதுவும் சுமை கொடுத்து வோல்ட் இழப்பைப் பார்க்கும் முறைதான். எண்ணுக்குப் பதில் விளக்கின் வெளிச்சம். டெஸ்ட் லேம்ப்பைப் பொறுத்தவரை, சின்னச் சுற்றில் அது டிஜிட்டல் மீட்டரைவிடவே நல்லது. மீட்டர் கரண்டே இழுக்காது என்பதால், ஒற்றை இழையில் தொங்கும் ஒயரிலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு அங்கே எரியாது. ஆனால் பெரிய சுற்றில் அதே பல்பு நம்மைக் கவிழ்த்துவிடும். 5 வாட் பல்பு இழுப்பது 0.4 ஆம்பியர். முன்பு சொன்ன 0.01 ஓம் இணைப்பில் அதனால் ஏற்படும் இழப்பு 0.004 வோல்ட். பல்பு பிரகாசமாக எரியும், வழி சரி என்று சத்தியம் செய்யும், செல்ஃப் மட்டும் சுற்றாது. எந்த வழியில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டுமோ அந்த அளவு ஓடும்போதுதான் சோதனை சோதனையாகும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பெட்ரோல் வருகிறது என்பதை உறுதி செய்துகொண்டு சின்னச் சுற்றுக்கு வர வேண்டும். லூகாஸ் ஒயரிங் முறையில் சாவியிலிருந்து காயிலுக்கு வருவது வெள்ளை ஒயர், வழியில் ஃபியூஸ் கிடையாது. எனவே ஹார்ன் அடிக்கிறது, வைப்பர் ஓடுகிறது என்பதெல்லாம் காயிலுக்குக் கரண்ட் வருகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. சாவியைப் போட்டு, காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துவிட்டு, வண்டியை டாப் கியரில் மெல்லத் தள்ளி இன்ஜினைச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடும்போது எண் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும், திறக்கும்போது 12க்குப் பக்கத்திலும் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் 12 என்றால் எர்த் கிடைக்கவில்லை: பாயிண்ட் கருகியிருக்கலாம், எண்ணெய் படிந்திருக்கலாம். எப்போதும் பூஜ்யம் என்றால், காயிலின் மறுமுனைக்குக் கரண்ட் வருவதை உறுதி செய்த பிறகு, எங்கோ எர்த்தில் தட்டுகிறது என்று பொருள்: கண்டென்சர் ஷார்ட், அல்லது பாயிண்டைப் பிடிக்கும் திருகில் ஃபைபர் வாஷர் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. பாயிண்ட் மாற்றிய உடனேயே ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வாஷரைத்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்னொரு திருட்டுப் பேர்வழி இருக்கிறது: பாயிண்டுக்கு வரும் சின்ன, வளையக்கூடிய ஒயர். வாக்குவம் அட்வான்ஸ் ஒவ்வொரு தடவை தட்டைத் திருப்பும்போதும் அது வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்து, உறை அப்படியே இருக்க உள்ளே இழைகள் அறுந்துவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும். அப்படி நீண்டால் அது ஒயர் இல்லை, வெறும் உறை. இதைக் கண்டுபிடிக்காமல் காயிலையும் கண்டென்சரையும் மாற்றியவர்கள் எத்தனை பேரோ.

'தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது, செல்ஃப் அடித்தால் ஆகவில்லை' என்ற புகாரில் இரண்டு சுற்றுகளும் சந்திக்கின்றன. இதைக் கேட்டதும் காயில் வீக் என்று சொல்பவர்கள் அதிகம். பாலஸ்ட் இல்லாத பழைய காயிலின் தடை ஏறக்குறைய 3 ஓம். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்குக் கிடைப்பது 8 வோல்ட்டாகக் குறைந்தால் 2.7 ஆம்பியர்தான். காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தீப்பொறி இருக்கும், ஆனால் குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைக்கும் பலம் இருக்காது. தள்ளும்போது செல்ஃப்பின் சுமை இல்லை, காயிலுக்கு முழு வோல்ட்டும் கிடைக்கிறது, உடனே பிடித்துவிடுகிறது. ஆக, காயில் வீக் என்று தெரிவது பல நேரம் எர்த் போல்ட்டின் வேலை. காயிலின் வோல்ட்டை செல்ஃப் அடிக்கும்போதே அளந்து பார்த்தால் விஷயம் வெளிவந்துவிடும்.

எல்லா ஒயரையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று சிலர் சொல்வார்கள். துணிச்சுற்று உறை உதிரும் அளவுக்குப் பழைய ஒயரிங் என்றால் மாற்றத்தான் வேண்டும், தீப்பிடிக்கும். ஆனால் ஸ்டார்டிங் கோளாறுக்கு அது மருந்து ஆகாது. பெரிய சுற்றின் எர்த் பாதி ஒயரிங் கட்டிலேயே இல்லை. அது பாடித் தகடும் போல்ட்டும் பட்டையும்தான். புது ஒயரிங்கும் பழைய துரு பிடித்த போல்ட்டில்தான் போய் முடியும். இன்னொரு குறுக்குவழி, பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்து விடுவது. கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் இப்படிச் செய்வது சரி. அப்படியே விட்டுவிட்டால் சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது, பாயிண்ட் மூடியபடி நின்றுவிட்டால் காயில் வெந்துபோகும். லூகாஸ் நிறுவனத்துக்கு இங்கிலாந்தில் 'இருளின் இளவரசர்' என்று கேலிப்பெயர் ஒன்று உண்டு. 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ்ஸின் பாடி தொழிற்சாலை நம் சென்னையில்தான் என்பதால் நம்மவர்களும் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஐம்பது வருடம் துடைக்காத இணைப்பு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இருட்டடிக்கத்தான் செய்யும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பெண்டிக்ஸ் வகை செல்ஃப்பில் பினியன் ரிங் கியரில் சிக்கிக்கொண்டால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் நின்றுவிடும். வோல்ட் அளவுகள் ஒரு கெட்ட இணைப்பைக் காட்டாது, பேட்டரி மட்டும் கடுமையாகச் சரியும். கரண்ட் ஏராளமாகப் போகிறது, வேலை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள். சாவியை அணைத்துவிட்டு டாப் கியர் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும்; மோட்டாரின் பின்புறத் தொப்பியைக் கழற்றி, சதுர முனையை ஸ்பானரால் திருப்பியும் விடுவிக்கலாம். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் பினியன் போய்ச் சேரவில்லை. பெண்டிக்ஸைப் பெட்ரோலில் கழுவ வேண்டும், எண்ணெய் போடக் கூடாது, எண்ணெய் கிளட்ச் தூசியைப் பிடித்து மறுபடி பிசினாகும். விட்டு விட்டு வரும் கோளாறுதான் உண்மையில் கடினம். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். செம்பின் தடை 50 டிகிரி சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பதால், சூட்டில் மட்டும் அடம் பிடிக்கும் வண்டியைச் சூட்டில்தான் அளக்க வேண்டும். மீட்டருக்கு நீளமான ஒயர் கட்டி டிரைவர் சீட் வரை இழுத்து வைத்துக்கொண்டு, கோளாறு வரும் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சுத்தம் செய்யும் வேலையில் ஒழுங்கு வேண்டும். எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், ஆகையால் எது எர்த் என்று கேபிளைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டே தொடுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரில் கிளாம்ப்பைக் கழுவி, உட்புறம் ஈயம் பளிச்சென்று தெரியும் வரை உப்புத்தாள் போடுங்கள். பாடியில் லக் உட்காரும் இடத்தை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். வாஸ்லினோ கிரீஸோ முடுக்கிய பிறகு, மேலே. கேபிள் மாற்ற வேண்டி வந்தால் உறையின் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். வெட்டிய முனையில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் முடிந்து வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது, எர்த் பாதி, மறுபாதி, செல்ஃப் அடிக்கும்போது குமிழ்களிலும் காயிலிலும் உள்ள வோல்ட் என்று நாலு எண்களை அளந்து சர்வீஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை வண்டி அடம் பிடிக்கும்போது, பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்கிடம் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.